ரியர்செட் மாட்டினால் மணிக்கட்டு வலி போகுமா?

கோயம்புத்தூரிலிருந்து 27 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதம் நாலு பக்கம், பைக்கில் கால் வைக்கும் கட்டையை மேலேயும் பின்னாலேயும் தள்ளி வைக்கும் ரியர்செட் என்ற பாகத்தைப் பற்றியது. பெயரையும் வேலை பார்க்கும் இடத்தையும் விட்டுவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

உயரம் 5 அடி 11 அங்குலம். ஒரு வருடமாக யமஹா ஆர்15 வி4 ஸ்போர்ட்ஸ் பைக் ஓட்டுகிறார். ஆபீஸ் போய்வர தினமும் 38 கிலோமீட்டர், மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஆழியாறிலிருந்து வால்பாறை. செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தளத்தில், சொந்த வண்டியை ஓட்ட விடும் ட்ராக் டேவுக்கு இரண்டு முறை போயிருக்கிறார், இரண்டாவது முறை வலது ஃபுட்பெக் (கால் வைக்கும் கட்டை) தரையில் உரசியிருக்கிறது. முக்கால் மணி நேரம் ஓட்டினால் மணிக்கட்டு இரண்டும் வலிக்கிறது, சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகின்றன, இடது முட்டியின் முன்பக்கம் குத்துகிறது. கல்லூரியில் கால்பந்து ஆடியபோது அதே முட்டிக்குள் மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸ் ஜவ்வு கிழிந்து, துளை வழியாகச் செய்யும் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு முன் திருமணம். மனைவி வாரத்தில் இரண்டு நாளாவது பின்னால் உட்கார்ந்து வருகிறார்.

"ரியர்செட் மாற்றினால் உட்காரும் வாகு சரியாகி வலியெல்லாம் போய்விடும் என்று ட்ராக் நண்பர்கள் சொல்கிறார்கள். பேர்போன இத்தாலிய கம்பெனியின் பெயர் பொறித்த செட் 6,800 ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஒரிஜினல் 40,000 தாண்டுகிறது. இரண்டும் அலுமினியம்தானே? கூடவே கியரை ரேஸ் வண்டி மாதிரி தலைகீழாக மாற்றிக்கொள்ளலாமா? போலீஸ் பிடிக்குமா?" இவைதான் அவருடைய கேள்விகள்.

தம்பி, நான் எலும்பு மூட்டு மருத்துவன், பதினாலு வருடமாக ஸ்போர்ட்ஸ் பைக் ஓட்டுகிறவன், என் ட்ராக் வண்டியில் இதுவரை மூன்று செட் ரியர்செட் மாட்டிக் கழற்றியிருக்கிறேன். அதனால் உங்கள் ஆசை எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் வலிக்கு மருந்தாக ரியர்செட் வாங்காதீர்கள். உங்கள் உயரத்துக்கும் உங்கள் முட்டிக்கும் அது வலியைக் கூட்டத்தான் வாய்ப்பு அதிகம்.

ரியர்செட் என்ன செய்கிறது என்று பாருங்கள். கால் வைக்கும் கட்டையை, கூடவே கியர் லிவரையும் பிரேக் பெடலையும், கம்பெனி வைத்த இடத்திலிருந்து மேலேயும் பின்னாலேயும் தள்ளுகிறது, பெரும்பாலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர். கட்டை உயர்ந்ததால் வண்டியை இன்னும் கொஞ்சம் சாய்க்க இடம் கிடைக்கும், வளைவில் உடம்பை ஒரு பக்கம் இறக்கிக்கொள்ளக் காலுக்கு உறுதியான பிடி கிடைக்கும், லிவர்களை உங்கள் பூட்ஸ் அளவுக்கு நகர்த்திக்கொள்ளலாம். ட்ராக்கில் இவை மூன்றுமே நிஜமான லாபம். ஆனால் சீட் அதே இடத்தில்தான் இருக்கிறது. சீட்டுக்கும் கட்டைக்கும் நடுவே இடைவெளி குறைகிறது என்றால் முட்டி அந்த அளவுக்கு அதிகமாக மடங்குகிறது என்று அர்த்தம். 5 அடி 5 அங்குலம் உள்ளவருக்கு அது பெரிதாகத் தெரியாமல் போகலாம், உங்கள் தொடை எலும்பின் நீளத்துக்கு நிச்சயம் தெரியும்.

முட்டியை முதலில் பார்ப்போம்

முட்டி மடங்க மடங்க, முட்டிச்சில்லு தொடை எலும்பின் மேல் அழுந்துவது கூடிக்கொண்டே போகும். ரொம்ப மடக்கிய நிலையில் மெனிஸ்கஸின் பின்பகுதியும் நசுங்கும், அறுவை சிகிச்சைக்குப் பிறகு சம்மணம் போட வேண்டாம், குத்தவைத்து உட்கார வேண்டாம் என்று உங்கள் டாக்டர் சொல்லியிருப்பாரே, அது இதனால்தான். முன்பக்கக் குத்தல் என்று எழுதியிருக்கிறீர்கள். படி இறங்கும்போதும் வலிக்கிறதா? பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் காலை மடக்கியபடி பொள்ளாச்சி வரை போனாலும் அதே குத்தல் வருகிறதா? ஆம் என்றால் சில்லுப் பகுதி அழுத்தத்தைத் தாங்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குத் தொடையின் முன்தசையையும் இடுப்புத் தசையையும் பலப்படுத்தும் பயிற்சி வேண்டும். ஆறு முதல் எட்டு வாரம் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒழுங்காகப் போனால் பெரும்பாலானவர்களுக்கு வித்தியாசம் தெரியும். முட்டி நடுவில் பூட்டிக்கொள்கிறது, வீங்குகிறது, நடக்கும்போது நழுவுகிறது, இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தப் பதிலை ஓரமாக வைத்துவிட்டு, அறுவை சிகிச்சை செய்தவரிடமே போய்க் காட்டுங்கள்.

மணிக்கட்டு வலிக்குக் காரணம் கால் கட்டை இல்லை

சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போவதைப் பிரித்துச் சொன்னதற்கு நன்றி, பலர் "கை மரத்துப்போகுது" என்பதோடு நிறுத்திவிடுவார்கள். அந்த இரண்டு விரலுக்கும் போகும் அல்னார் நரம்பு, உள்ளங்கையின் சுண்டு விரல் பக்க அடியில், கிட்டத்தட்ட தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. நீங்கள் உடம்பு பாரத்தை ஹேண்டில் மேல் ஊன்றும் இடமும் அதுவேதான். ரேஸ் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. கட்டையை மேலேயும் பின்னாலேயும் தள்ளினால் இடுப்பு முன்னால் சரியும், முட்டியால் டேங்க்கை இறுக்கிப் பிடிக்கும் பழக்கம் இல்லாவிட்டால் பாரம் இன்னும் கொஞ்சம் கைக்கே போகும். வலி போகும் என்று நண்பர்கள் சொன்னதற்கு நேர் எதிர்.

செலவு குறைந்த வழிகள் இருக்கின்றன. டேங்க் பக்கவாட்டில் ஒட்டும் ரப்பர் கிரிப் ஒரு ஜோடி வாங்கி ஒட்டுங்கள். பிரேக் போடும்போது இரண்டு தொடையாலும் டேங்க்கை இறுக்குங்கள், முழங்கை தளர்வாக இருக்கட்டும். ஓடும்போதே முழங்கையைக் கோழிச் சிறகு மாதிரி லேசாக ஆட்ட முடிகிறதா என்று பாருங்கள், முடியவில்லை என்றால் கையை ஊன்றிக்கொண்டிருக்கிறீர்கள். அப்புறம் லிவர் கோணம். வண்டியில் உட்கார்ந்து விரல்களை பிரேக் லிவர் மேல் நீட்டினால், முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரே கோடாக இருக்க வேண்டும். மணிக்கட்டு மேலே மடங்கியிருந்தால் லிவரை இறுக்கும் போல்ட்டைத் தளர்த்திக் கொஞ்சம் கீழே சாயுங்கள். ஐந்து நிமிட வேலை, என்னிடம் இதே புகாரோடு வரும் பைக் பிள்ளைகளில் பலருக்கு இது ஒன்றே பாதி வலியைக் குறைத்திருக்கிறது. இவ்வளவும் செய்து ஒரு மாதம் கழிந்தும் மரத்துப்போனால், அல்லது வண்டி ஓட்டாத நேரத்திலும் மரத்துப்போனால், நரம்புப் பரிசோதனை செய்யத்தான் வேண்டும்.

கட்டை உரசியது என்றீர்கள்

ஃபுட்பெக் நுனிக்குக் கீழே ஒரு குமிழ் போல்ட் இருக்கும். வண்டியின் மற்ற பாகம் எதுவும் தரையைத் தொடுவதற்கு முன்னால் அது தொட்டு உங்களுக்குச் சொல்ல வேண்டும், வைத்திருப்பதே அதற்குத்தான். அது உரசினால் உடனே ரியர்செட் தேவை என்று ஆகிவிடாது. பாதத்தின் நடுக்குழியைக் கட்டை மேல் வைத்து ஓட்டுகிறீர்களா, இல்லை விரல்களுக்குப் பின்னால் உள்ள சதைப்பகுதியையா? உடம்பை உள்பக்கம் இறக்காமல் வண்டியை மட்டும் சாய்த்தால், அதே வேகத்துக்கு வண்டி அதிகமாகச் சாய வேண்டியிருக்கும், கட்டை சீக்கிரம் உரசும். அடுத்த முறை ட்ராக் பயிற்சியாளரை உங்கள் பின்னாலேயே இரண்டு சுற்று வரச் சொல்லிக் கேளுங்கள். உடம்பு நிலை சரியாகி, அதற்குப் பிறகும் சுற்றுக்குச் சுற்று உரசினால் அப்போது ரியர்செட்டுக்கு நியாயமான காரணம் இருக்கிறது.

வால்பாறை ரோட்டின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் எங்காவது உரசியதா என்று நீங்கள் எழுதவில்லை. உரசியிருந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். எதிரே அரசுப் பேருந்து முழு வளைவையும் எடுத்துக்கொண்டு திரும்பும், ரோட்டில் மண் கிடக்கும், வரையாடும் குரங்கும் நிற்கும். அங்கே சாய்மானத்தில் கொஞ்சம் மிச்சம் வைத்திருப்பதுதான் உங்கள் உயிர்.

காசு கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை

வண்டியை, பின்சக்கரத்தைத் தூக்கி நிமிர்த்தி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டில் ஏற்றுங்கள், முன்னால் ஒருவர் ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ளட்டும். இரண்டு பக்கமும் செங்கல்லும் பலகைத் துண்டும் அடுக்கி, இப்போது கட்டை இருக்கும் இடத்தைவிட 25 மில்லிமீட்டர் மேலேயும் அதே அளவு பின்னாலேயும் பாதம் இருக்கும்படி மேடை கட்டுங்கள். பூட்ஸ் போட்டுக்கொண்டு ஏறி, ஓட்டும் நிலையில் இருபது நிமிடம் உட்காருங்கள். பக்கவாட்டிலிருந்து ஒரு போட்டோ எடுக்கச் சொல்லி, பழைய கட்டையில் உட்கார்ந்த போட்டோவோடு சேர்த்து வைத்து முட்டியின் மடிப்பைப் பாருங்கள். பத்தாவது நிமிடத்தில் இடது முட்டி குத்த ஆரம்பித்தால் 40,000 ரூபாய் மிச்சம். நான் மூன்றாவது செட் வாங்குவதற்கு முன்தான் இப்படிச் செய்து பார்த்தேன், முதல் செட்டுக்கே செய்திருக்க வேண்டும்.

குத்தவில்லை என்றால், ட்ராக் ஆசையும் தொடர்கிறது என்றால், வாங்குங்கள். தடுக்க மாட்டேன். ஆனால் எதை வாங்குவது என்பதில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசப் போகிறேன்.

இரண்டும் அலுமினியம்தானே?

இல்லை தம்பி. நல்ல ரியர்செட்டை 6061 அல்லது 7075 என்ற தர அலுமினியக் கட்டியிலிருந்து கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரத்தில் கடைந்து எடுக்கிறார்கள். போலியில் என்ன உலோகம், எப்படிச் செய்தது என்று விற்பவருக்கே தெரியாது, மேலே பூசிய நிறமும் பொறித்த எழுத்தும் மட்டும் அச்சு அசலாக இருக்கும். உங்கள் வண்டியோடு வந்த கட்டைத் தாங்கியும் வார்ப்பு அலுமினியமாக இருக்கலாம், அது பரவாயில்லை, எவ்வளவு பாரம் வரும் என்று கணக்குப் போட்டுத் தடிமன் வைத்துச் சோதித்துச் செய்தது. கணக்கே இல்லாமல் வார்த்ததுதான் ஆபத்து. நல்ல உலோகம் பெரும்பாலும் வளைந்து எச்சரிக்கும், மட்டமான வார்ப்பு ஒரு சத்தத்தோடு இரண்டாகும்.

இரண்டு வருடத்துக்கு முன் என் ஓபிக்கு 24 வயதுப் பையன் ஒருவனைத் தூக்கி வந்தார்கள். வேகத்தடை ஒன்றில் சீட்டை விட்டு எழுந்து கட்டையில் நின்றிருக்கிறான், வலது கட்டை வேரோடு முறிந்துவிட்டது. கால் தரையில் இழுபட்டு கணுக்கால் இரண்டு இடத்தில் உடைந்திருந்தது, தாங்கியில் மிச்சமிருந்த முனை ஆடுசதையில் ஏறியிருந்தது. அவனுடைய அப்பா முறிந்த துண்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். உடைந்த முகத்தைப் பார்த்தேன், உள்ளே குண்டூசித் தலை அளவுக்கு காற்றுக் குமிழிகள், ரஸ்க்கைப் பிட்டால் தெரிவது போல. அந்தத் துண்டிலும் ஒரு பெரிய கம்பெனியின் பெயர் அழகாகப் பொறித்திருந்தது. அந்தக் கம்பெனி அதைச் செய்யவே இல்லை.

கையில் வாங்கிப் பார்க்கும்போது கட்டையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், லிவரைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். புதிதிலேயே ஆட்டம் இருந்தால் வேண்டாம். லிவர் சுழலும் இடத்தில் வெண்கல புஷ்ஷோ சீல் செய்த பேரிங்கோ இருக்கிறதா என்று பாருங்கள், வெறும் போல்ட் மேல் அலுமினியம் தேய்ந்தால் ஒரு மழைக்காலத்தில் கியர் குழகுழவென்று ஆகிவிடும். கட்டை, லிவர் நுனி, கியர் ராடு மூன்றும் தனித்தனியாக உதிரியாகக் கிடைக்குமா என்று கடையில் கேளுங்கள், வண்டி ஒருமுறை படுத்தாலே முதலில் போவது அவைதான். குறைந்தது மூன்று நான்கு இடங்களில் மாற்றிப் பொருத்தும் துளைகள் இருக்கட்டும். உங்களுக்குக் கட்டையைக் கொஞ்சம் பின்னால் மட்டும் தள்ளி, உயர்த்தாமல் வைத்துக்கொள்ள முடிவது பெரிய விஷயம்.

மடங்கும் கட்டையா, மடங்காததா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ரோட்டுக்கு மடங்கும் கட்டைதான். ரேஸ்காரர்கள் உறுதிக்காக மடங்காததை விரும்புவார்கள். ரோட்டில் சாயும்போது அது எதிலாவது மோதினால் விட்டுக்கொடுக்காது, பின்சக்கரத்தைத் தரையிலிருந்து நெம்பிவிடும்.

மனைவியின் கால் எங்கே இருக்கும்?

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது இதுதான். ட்ராக்குக்கென்று வரும் பல செட்களில் பின்னால் உட்காருபவருக்குக் கால் வைக்க இடமே இருக்காது. அதை மாட்டிய வண்டியில் ஒருவரை ஏற்றக் கூடாது, "பக்கத்துத் தெரு வரைக்கும்தானே" என்றும் கூடாது. தொங்கும் கால் செயினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே போனால் குதிகால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், பல முறை தைத்திருக்கிறேன், குதிகால் தோல் லேசில் ஆறுவதில்லை. கம்பெனி பில்லியன் கட்டையை அப்படியே விட்டுவைக்கும் செட்டாகப் பார்த்து வாங்குங்கள். கிடைக்கவில்லை என்றால் வீட்டில் இருவரும் போய்வர வேறு வண்டி வேண்டும்.

சட்டம், இன்சூரன்ஸ்

இந்தப் பகுதியை விபத்து வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் நண்பரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, ஆர்சியில் (வண்டியின் பதிவுச் சான்றிதழில்) உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக ஆகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கால் கட்டையின் உயரம் ஆர்சியில் எழுதப்படுவதில்லை, அதனால் ரியர்செட் மட்டும் இருந்தால் வாதாட இடம் உண்டு. ஆனால் மத்திய மோட்டார் வாகன விதி 123, பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும் கால் கட்டையும் இருக்க வேண்டும் என்று நேரடியாகவே சொல்கிறது. அதைக் கழற்றிவிட்டு மனைவியோடு போனால் வாதாட ஒன்றும் இல்லை.

போலீஸைவிட இன்சூரன்ஸை யோசியுங்கள். உங்கள் வண்டிச் சேதத்துக்குப் பணம் கேட்கும்போது, சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி சர்வேயர் தொகையைக் குறைக்கலாம், மறுக்கவும் செய்யலாம். மாட்டும் முன் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மின்னஞ்சல் எழுதி, பதிலைப் பத்திரமாக வையுங்கள். பழைய பாகங்களைத் துணியில் சுற்றி அட்டைப் பெட்டியில் போட்டு வையுங்கள், விற்றுவிடாதீர்கள். தயாரிப்பாளரே தரும் வழி எப்போதும் தலைவலி குறைவு. ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 வண்டிக்கு 2021-இல் உயர்த்திய கால் கட்டையைக் கம்பெனியே கூடுதல் பணத்துக்குத் தந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ரேஸ் கிட் என்பதையும் கவனியுங்கள்.

தலைகீழ் கியர்

ட்ராக்கில் இடதுபக்கம் சாய்ந்தபடி கியரை ஏற்றும்போது லிவருக்கு அடியில் கால்விரலை நுழைக்க இடம் இருக்காது, அதனால் ரேஸ்காரர்கள் மேலிருந்து மிதித்து ஏற்றும்படி மாற்றிக்கொள்கிறார்கள். உங்களுக்கு வேண்டாம் என்பேன். பதற்றத்தில் மூளையைக் கேட்டுவிட்டுக் கால் வேலை செய்வதில்லை, பழகியபடிதான் மிதிக்கும். லாரியைக் கண்டு கியரை இறக்க நினைத்துக் கால் ஏற்றிவிட்டால் அந்த ஒரு நொடி போதும். உங்கள் வண்டியில் குயிக்‌ஷிஃப்டர் (கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்ற உதவும் கருவி) இருந்தால் இன்னொரு சிக்கல், ராடு தள்ளுகிறதா இழுக்கிறதா என்ற திசையே மாறிவிடும், எல்லா சென்சாரும் அதற்கு ஒத்துவராது.

மாட்டும் நாளில்

எங்கே மாட்டினாலும் பக்கத்திலேயே நில்லுங்கள். கியர் ராடின் ஒரு முனை பெரும்பாலும் எதிர்த்திசையில் சுற்றும் இடது மரையாக இருக்கும், அவசரக்காரர்கள் அதை இழைத்துவிடுவார்கள். ராடும், கியர் தண்டிலிருந்து வரும் சின்னக் கையும் சேரும் இடம் கிட்டத்தட்ட செங்கோணமாக இருந்தால்தான் கியர் சுத்தமாக விழும். போல்ட்டுகளில் மரை தளராமல் பிடிக்கும் நீல நிற த்ரெட்லாக்கர் பசை ஒரு சொட்டு விட்டு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் கொடுத்திருக்கும் அளவுக்கே இறுக்க வேண்டும், நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி பார்க்க வேண்டும்.

பிரேக் பக்கம்தான் உயிர். பெடலுக்கும், பிரேக் எண்ணெயை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவே இருக்கும் தள்ளுகோலில் துளி இடைவெளி இருக்க வேண்டும். என் முதல் செட்டில் அது இல்லை. மாட்டிக் கொடுத்தவர் பெடல் கெட்டியாக இருக்கட்டும் என்று இறுக்கிவிட்டார், நானும் பார்க்காமல் கிளம்பிவிட்டேன். இருபது நிமிடத்தில் கருகிய வாசனை, நிறுத்திப் பார்த்தால் பின் டிஸ்க் நீலம் பாய்ந்திருந்தது, சக்கரத்தைக் கையால் உருட்ட முடியவில்லை. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் ஓடும்போதே பூட்டியிருக்கும். அதனால் ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள், பெடலை மிதித்து விட்டபின் மறுபடி சுழற்றுங்கள், இரண்டும் ஒரே மாதிரி ஓட வேண்டும். பெடல் உயரம், காலை எப்போதும் தூக்கியே வைத்திருக்கும்படி இருந்தாலும் தவறு, உங்களை அறியாமல் மிதித்துக்கொண்டே போவீர்கள், முன்காலும் கடுக்கும்.

கடைசியாக பிரேக் லைட். பல வண்டிகளில் பெடலோடு ஒரு சின்ன ஸ்பிரிங்தான் சுவிட்சை இழுக்கும், புதிய செட்டில் அந்த ஸ்பிரிங்குக்குக் கொக்கி இல்லாமல் போகலாம், "முன் பிரேக்கில் எரியுதே" என்று விட்டுவிடுவார்கள். விடாதீர்கள். எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் சுவிட்ச் தனியாகக் கிடைக்கும், அதைப் போட்டால் பிரேக் லைனில் காற்று எடுக்க வேண்டும், உங்கள் வண்டியில் ஏபிஎஸ் இருப்பதால் அதைத் தெரிந்தவரிடமே கொடுங்கள். கடையை விட்டுக் கிளம்பும் முன் மனைவியைப் பின்னால் நிற்கச் சொல்லி, முன் பிரேக்கைத் தொடாமல் பெடலை மட்டும் மிதித்து, எரிகிறதா என்று கேளுங்கள்.

முதலில் பிசியோதெரபி, லிவர் கோணம், டேங்க் கிரிப், இந்த வரிசையில் இரண்டு மாதம் போகட்டும். செங்கல் சோதனையின் இரண்டு போட்டோவையும் அனுப்புங்கள், முட்டி மடிப்பை அளந்து சொல்கிறேன். முட்டி அறுவை சிகிச்சையின் டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள், மெனிஸ்கஸில் எந்தப் பகுதியை எடுத்தார்கள், எதைத் தைத்தார்கள் என்று தெரிந்தால் எவ்வளவு மடக்கலாம் என்று இன்னும் திட்டமாகச் சொல்ல முடியும்.